அறிக்கையில் 12.4, கட்டிலில் தள்ளாட்டம்: அல்புமின் குறைந்தவரிடம் ஃபெனிட்டாயின் — ஒரு நிகழ்வு ஆய்வு

வலிப்பைத் தடுக்கும் ஃபெனிட்டாயின் மருந்து மிகையானதற்கான அறிகுறிகள் எல்லாம் கண்முன் இருந்தும், இரத்த அளவு 'இயல்பு' என்று வந்ததால் வேறு காரணம் தேடப்பட்ட ஒரு நோயாளியின் விவரம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகள் நீக்கப்பட்டுள்ளன. சேர்க்கையின் 14-ஆம் நாள் மருந்தியல் ஆலோசனைக்காக நான் அழைக்கப்பட்டேன். அதற்கு முந்தையவற்றை நோயாளியின் கோப்பைப் பார்த்தும், சிகிச்சை அளித்தவர்களிடம் கேட்டும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளி ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண். சில மாதங்களாகக் கால் வீக்கம், பிறகு முக வீக்கம். சிறுநீரில் நாளொன்றுக்கு 9 கிராம் புரதம் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகத் திசுப் பரிசோதனையில் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி, அதாவது சிறுநீரக வடிகட்டிகள் புரதத்தைக் கசியவிடும் ஒரு நோய், என்று உறுதியானது. இரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமின் டெசிலிட்டருக்கு 1.5 கிராம், இயல்பாக இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. கிரியேட்டினின் 0.9. அதாவது சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதில் குறையில்லை, புரதத்தைத் தடுத்து நிறுத்துவதில்தான் குறை. இந்த வேறுபாடு பின்னால் ஒரு கணக்கில் முக்கியமாகும்.

இப்படிப் புரதம் பெருமளவில் கசியும் நெஃப்ரோட்டிக் நிலையில் சிறுநீரோடு போவது அல்புமின் மட்டுமல்ல. இரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதமும் போகும். இந்த நோயாளிகளுக்குச் சிரைகளில் இரத்தம் உறைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இவருக்கும் அதுதான் நடந்தது. ஒரு வாரமாகத் தலைவலி. ஒரு காலையில் உடல் முழுவதும் வெட்டி இழுத்து வலிப்பு. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் மேல்நடுச் சிரைக்குழிவில் உறைகட்டியும், இடது முன்மடலில் சிறிய இரத்தக் கசிவும் தெரிந்தன.

முதல் வாரம்

அவசரப் பிரிவில் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் 1,000 மில்லிகிராம் சிரை வழியாக ஏற்றப்பட்டது. வீக்கம் சேராத எடை சுமார் 54 கிலோ என்று வைத்துப் பார்த்தால், கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்ற வழக்கமான வரம்புக்குள்தான் இது இருக்கிறது. மறுநாளிலிருந்து 100 மில்லிகிராம் மூன்று வேளை. உறைகட்டிக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் சொட்டு தொடங்கப்பட்டது.

ஹெப்பாரினிலேயே முதல் சிக்கல் வந்தது. வழக்கமான வேகத்தில் ஏற்றியும் ஏ.பி.டி.டி., அதாவது இரத்தம் உறைய எடுக்கும் நேரம், எதிர்பார்த்த அளவுக்கு நீளவில்லை. வேகத்தை இரண்டு முறை கூட்ட வேண்டியிருந்தது. ஹெப்பாரின் தானாக எதையும் தடுப்பதில்லை. ஆன்டித்ராம்பினோடு பிணைந்து அதன் உருவத்தை மாற்றுகிறது. உருவம் மாறிய ஆன்டித்ராம்பின், இரத்தத்தை உறையச் செய்யும் த்ராம்பினை முன்னைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வேகமாகப் பிடித்து முடக்குகிறது. அந்தப் புரதமே சிறுநீரில் போய்விட்டால் மருந்து யாரோடு சேர்ந்து வேலை செய்யும்? சிறுநீரகக் குழுவினர் இதை உடனே கண்டுகொண்டார்கள். ஆன்டித்ராம்பின் அளவைப் பார்த்தார்கள், குறைவாக இருந்தது, அதற்கேற்ப ஹெப்பாரினைக் கூட்டினார்கள். சரியான முடிவு.

அதே கசிவில் போன இன்னொரு புரதம், இன்னொரு மருந்தின் விஷயத்தில் நேர் எதிர்த் திசையில் வேலை காட்டும் என்பது அந்த வாரம் யாருடைய கவனத்துக்கும் வரவில்லை. ஆன்டித்ராம்பின் குறைந்தால் ஹெப்பாரின் வலுவிழக்கும். அல்புமின் குறைந்தால், அளந்து சொல்லும் எண்ணுக்கு இருக்க வேண்டியதைவிட ஃபெனிட்டாயின் வலுவாக இருக்கும்.

6-ஆம் நாள் இரவு நோயாளியின் வலது கை ஒரு நிமிடம்போல் துடித்தது. நினைவு தப்பவில்லை. மறுநாள் காலை எடுத்த இரத்தத்தில் ஃபெனிட்டாயின் மொத்த அளவு மில்லிலிட்டருக்கு 5.8 மைக்ரோகிராம். அறிக்கையில் பக்கத்திலேயே 10–20 என்ற வரம்பும், கீழ்நோக்கிய அம்புக்குறியும் அச்சாகியிருந்தன. வலிப்பு வந்திருக்கிறது, மருந்து குறைவு என்று ஆய்வகமும் சொல்கிறது. 500 மில்லிகிராம் கூடுதலாக ஏற்றப்பட்டது. அன்றாட அளவு 400 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. 8-ஆம் நாள், உறைதலைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரினும் சேர்ந்தது.

இரண்டாம் வாரத்தில் கண்டவை

மாற்றத்தை முதலில் கவனித்தவர் நோயாளியின் மகள். 10-ஆம் நாள் காலை அம்மா செய்தித்தாளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பதைப் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, "எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடி" என்று பதில். மறுநாள் தண்ணீர்க் குவளையை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போனது. 12-ஆம் நாள் கழிப்பறைக்குப் போகும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பேச்சு குழறியது, பகலிலேயே தூங்கி விழுந்தார்.

"நேத்து ராத்திரியிலிருந்து அம்மா கண்ணு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது டாக்டர்" என்று மகள் சொன்னதைப் பணி மருத்துவர் குறிப்பில் அப்படியே எழுதியிருந்தார். பரிசோதனையில் இரு பக்கமும் பார்க்கச் சொன்னபோது கண்மணிகள் துடித்துத் துடித்துத் திரும்பின. நடை அகன்று தள்ளாடியது. கை கால் பலத்தில் குறைவில்லை.

மூளையில் உறைகட்டி உள்ள ஒருவர் தள்ளாடினால், சிறுமூளைப் பக்கம் கட்டி பரவிவிட்டதோ என்றுதான் எவரும் முதலில் அஞ்சுவார்கள். எம்.ஆர்.ஐ. மீண்டும் எடுக்கப்பட்டது. புதிதாக எதுவும் இல்லை. இரத்தக் கசிவு சற்றுச் சுருங்கியும் இருந்தது. தூக்கக் கலக்கத்துக்குக் காரணம் வெளியே தெரியாமல் ஓடும் வலிப்பாக இருக்கலாம் என்று, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்கள். அலைகள் பரவலாக மந்தமாக இருந்தன, வலிப்பு அலைகள் இல்லை.

14-ஆம் நாள் ஃபெனிட்டாயின் அளவு வந்தது: 12.4. அம்புக்குறி இல்லை. 'வரம்புக்குள் உள்ளது, எனவே ஃபெனிட்டாயின் நச்சு அல்ல' என்று குறிப்பில் ஒரு வரி ஏறியது. இ.இ.ஜி. தெளிவாக இல்லாததால் வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்துப் பார்க்கலாமா என்ற கேள்வியோடுதான் எனக்கு அழைப்பு வந்தது.

12.4 என்ற எண்ணுக்குள் இருந்தது

அந்தக் கோப்பில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு எண். அது மூன்று பக்கம் முன்னால் சிறுநீரகக் குழுவின் அட்டவணையில் இருந்தது: அல்புமின் 1.5. ஃபெனிட்டாயின் அறிக்கையும் அல்புமின் அறிக்கையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு குழுவின் கையில், வெவ்வேறு தாளில் இருந்தன.

ஃபெனிட்டாயினின் பயணத்தில் மூன்று புரதங்கள் குறுக்கிடுகின்றன. முதலாவது அல்புமின். இரத்தத்தில் உள்ள ஃபெனிட்டாயினில் சுமார் 90 விழுக்காட்டை அது பிடித்து வைத்திருக்கும். பிடிபட்ட மருந்து மூளைக்குள் போகாது, வலிப்பையும் தடுக்காது, நச்சும் செய்யாது. இரண்டாவது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி. 2சி9 என்ற நொதி. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. மூன்றாவதுதான் இலக்கு: நரம்புச் செல் சவ்வில் உள்ள சோடியம் வாயில். அந்த வாயில் ஒரு முறை திறந்து மூடிய பிறகு, மீண்டும் திறக்கத் தயாராகும் முன் சற்று நேரம் செயலற்ற நிலையில் இருக்கும். ஃபெனிட்டாயின் அந்த நிலையில் உள்ள வாயிலோடு இறுகப் பிணைந்து, அந்தச் செயலற்ற நேரத்தை நீட்டுகிறது. அடிக்கடி திறந்து மூடும் வாயில்கள், அதாவது வலிப்பில் வெறிகொண்டு துடிக்கும் செல்களின் வாயில்கள், அதிகம் மாட்டிக்கொள்கின்றன. நிதானமாக வேலை செய்யும் செல்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. அளவு மீறினால் அந்தப் பாகுபாடு தேய்ந்துவிடும். கண் அசைவையும் நடையையும் ஒழுங்குபடுத்தும் சிறுமூளைதான் அதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

இந்த மூன்றில் இரண்டாவதும் மூன்றாவதும் பிணையாத மருந்தை மட்டுமே பார்க்கின்றன. ஆய்வகம் அளப்பதோ பிணைந்ததும் பிணையாததும் சேர்ந்த மொத்தத்தை. 10–20 என்ற வரம்பு அல்புமின் சரியாக உள்ளவர்களுக்கு உரியது. அவர்களிடம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 முதல் 2 வரை, பிணையாமல் இருக்கும். உண்மையான சிகிச்சை வரம்பு அந்த 1–2தான். 10–20 அதன் நிழல்.

அல்புமின் குறைந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு மாறும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். டெசிலிட்டருக்கு 4 கிராம் அல்புமின் என்பது, மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் செறிவைச் சொல்லும் அலகில், சுமார் 600 மைக்ரோமோலார். ஃபெனிட்டாயின் 15 மைக்ரோகிராம் என்பது சுமார் 60 மைக்ரோமோலார். பத்து அல்புமினுக்கு ஒரு மருந்து மூலக்கூறு என்ற விகிதம்; இருக்கைகள் தாராளமாக உள்ளன, எனவே பிணைந்த பங்கை முடிவுசெய்வது அல்புமினின் செறிவும் பிணைப்பின் வலிமையும்தான். பத்தில் ஒன்பது பிணைந்திருக்கிறது என்றால், பிடிப்பு எவ்வளவு தளர்வானது என்று காட்டும் பிரிகை மாறிலி 600-ஐ ஒன்பதால் வகுத்தது, சுமார் 67 மைக்ரோமோலார் என்று வருகிறது. இது மிக இறுக்கமான பிடிப்பல்ல. மூலக்கூறுகள் ஓயாமல் பிடிபட்டும் விடுபட்டும் கொண்டிருக்கும் பிடிப்பு. இப்போது அல்புமினை 1.5 கிராமாக, அதாவது சுமார் 225 மைக்ரோமோலாராகக் குறைத்துப் பாருங்கள். பிணையாத பங்கு 10 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகிறது. மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஷைனர்–டோசர் சமன்பாடும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: அளந்த எண்ணை, அல்புமினின் ஐந்தில் ஒரு பங்கோடு 0.1 கூட்டிவரும் தொகையால் வகுக்க வேண்டும். இவருக்கு அந்தத் தொகை 0.4.

அப்படியானால் 12.4 என்பது, அல்புமின் சரியாக இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய 31-க்குச் சமம். வரம்பின் மேல் எல்லையை அது எங்கோ விட்டுவிட்டது. தள்ளாட்டம் வழக்கமாகத் தலைகாட்டும் இடம் அது.

இதைவிட முக்கியமானது 7-ஆம் நாளின் 5.8. அதையும் 0.4-ஆல் வகுத்தால் 14.5. வரம்பின் நட்ட நடுவில். மருந்து குறைவாக இருந்ததே இல்லை.

அல்புமின் குறைந்ததா காரணம்?

பணி அறையில் இதைச் சொன்னபோது, "அப்போ அல்புமின் குறைஞ்சதாலதான் நச்சாயிடுச்சு, இல்லையா சார்?" என்று ஒரு இளநிலை மருத்துவர் கேட்டார். பாடப்புத்தகங்களே பல இடங்களில் அப்படித்தான் எழுதுகின்றன. அது பாதிதான் சரி என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

ஒருவர் தினமும் ஒரே அளவு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார், அல்புமின் மெல்லக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பிணையாத பங்கு கூடும். ஆனால் கல்லீரல் நொதிக்குக் கிடைக்கும் மருந்தும் அதே அளவு கூடும், எனவே அது அதிகமாகச் சிதைக்கும். உள்ளே போகும் அளவும் வெளியே போகும் அளவும் மீண்டும் சமமாகும்போது, பிணையாத மருந்தின் செறிவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். குறைந்திருப்பது பிணைந்த மருந்து; அதனால் மொத்தமும். அதாவது அல்புமின் குறைவு தனியாக நோயாளியைக் கெடுப்பதில்லை. அது அறிக்கையில் வரும் எண்ணைத்தான் கெடுக்கிறது. அந்தக் கெட்ட எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டும்போதுதான் நோயாளி கெடுகிறார்.

கூட்டும்போது நொதி தன் எல்லையைக் காட்டும். மைக்கேலிஸும் மென்டனும் 1913-இல் விளக்கியபடி, நொதியின் பிணைப்பிடங்கள் நிறைய நிறைய அதன் வேகம் ஓர் உச்சத்தை நோக்கிப் போய் நின்றுவிடும். பெரும்பாலான மருந்துகள் சிகிச்சை அளவில் அந்த உச்சத்துக்கு அருகில்கூடப் போவதில்லை. ஃபெனிட்டாயின் போகிறது. அதனால் அன்றாட அளவில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் இரத்த அளவு மூன்றில் ஒரு பங்கோடு நிற்பதில்லை. இவருக்கு 500 மில்லிகிராமும் ஏற்றி, 300-ஐ 400-ஆகவும் ஆக்கிய ஒரு வாரத்தில், அல்புமின் மாறாமலே மொத்த அளவு இரட்டிப்புக்கு மேல் போயிருந்தது. ஏற்றிய கூடுதல் மருந்து கரைந்து போக நொதியில் இடமில்லை.

14-ஆம் நாள் எடுத்த முடிவுகள்

ஃபெனிட்டாயினை அன்று மாலையே நிறுத்தினோம். பிணையாத அளவை நேரடியாக அளக்க மாதிரி அனுப்பினோம், ஆனால் முடிவு வர மூன்று நாளாகும் என்றார்கள். அதற்காகக் காத்திருக்கவில்லை. அறிகுறிகளும் கணக்கும் ஒரே திசையில் கைகாட்டும்போது இன்னொரு வேளை மருந்து கொடுப்பதற்கு நியாயமில்லை.

மாதிரி அனுப்புவதிலும் கொஞ்சம் மெனக்கெட்டோம். இந்தப் பரிசோதனையில் பிளாஸ்மாவை நுண்துளைச் சவ்வு வழியே சுழற்றி, அல்புமினை மேலே நிறுத்தி, கீழே இறங்கும் நீரில் மருந்தை அளப்பார்கள். சுழற்றும்போது வெப்பநிலை 25 டிகிரியா 37 டிகிரியா என்பதைப் பொறுத்து விடை மாறும். குளிரில் பிடிப்பு இறுகி, பிணையாத பங்கு குறைந்து தெரியும். 37 டிகிரியில் செய்யச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டோம். ஜெல் உள்ள குழாய் சில வேளைகளில் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சாதாரணக் குழாயில் எடுத்தோம்.

மாற்று மருந்தாக லெவெடிராசெட்டம். அதில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் புரதத்தோடு பிணைகிறது, சி.ஒய்.பி. நொதிகளை அது தொடுவதும் இல்லை. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகப் போகும். இவருடைய கிரியேட்டினின் சரியாக இருந்ததால் அதில் தடையில்லை. உறைகட்டியும் கசிவும் உள்ள மூளையை வலிப்புத் தடுப்பே இல்லாமல் ஓர் இரவுகூட விட விரும்பாததால் முதல் வேளையைச் சிரை வழியாகவே கொடுத்தோம்.

வால்ப்ரோயேட் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அதுவும் அல்புமினில் பிணைவது. ஃபெனிட்டாயினை அங்கிருந்து இடம்பெயர்க்கும். இடம்பெயர்த்த மருந்தை நொதி சிதைத்துச் சரிசெய்துவிடும் என்று மேலே சொன்ன ஆறுதலும் இங்கே செல்லாது, ஏனென்றால் வால்ப்ரோயேட் அந்த நொதியையும் தடுக்கும். அன்று மாலை அது சேர்ந்திருந்தால் மொத்த அளவு இன்னும் அழகாகத் தெரிந்திருக்கும், நோயாளி இன்னும் மோசமாகியிருப்பார்.

அல்புமினை ஊசியாக ஏற்றினால் மருந்தைப் பிடித்துக்கொள்ளாதா என்ற யோசனையும் வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்றிய அல்புமின் ஓரிரு நாளில் அதே சிறுநீரக ஓட்டை வழியாகப் போய்விடும். பிடித்திருந்த மருந்து திரும்ப வெளியே வரும். வீக்கத்தோடு இருப்பவருக்கு அது கூடுதல் சுமை. செய்யவில்லை. குடலில் மருந்தைப் பிடித்து வெளியேற்றும் கரித்தூள் கொடுப்பதையும் தவிர்த்தோம்; அரைத் தூக்கத்தில் இருப்பவர் அதை மூச்சுக்குழாயில் இழுத்துக்கொள்ளும் ஆபத்து, மருந்து அரை நாள் முன்னால் குறைவதைவிடப் பெரியது.

தொடர்ந்து நடந்தது

முதல் நாளில் பெரிய மாற்றமில்லை. நொதி தன் உச்ச வேகத்தில் நாளுக்கு இவ்வளவு என்று ஏறத்தாழ ஒரே அளவை அகற்றிக்கொண்டிருக்கும் கட்டம் அது என்று குடும்பத்தாரிடம் முன்பே சொல்லியிருந்தோம். இல்லாவிட்டால் மருந்தை நிறுத்தியும் குணமில்லையே என்று கலங்கியிருப்பார்கள். இரண்டாம் நாள் தூக்கக் கலக்கம் விலகியது. நான்காம் நாள் கண் துடிப்பு நின்றது, செய்தித்தாளை இரண்டு கண்ணாலும் படித்தார். ஆறாம் நாள் தனியாக நடந்தார். கை துடிப்பு திரும்ப வரவில்லை.

பிணையாத அளவின் முடிவு அவர் தேறிக்கொண்டிருக்கும்போது வந்தது: 3.6. மொத்தத்தில் 29 விழுக்காடு. சமன்பாடு கணித்தது 25 விழுக்காடு, அதாவது 3.1. சமன்பாடு திசையைச் சரியாகச் சொல்லியிருக்கிறது, அளவில் சற்றுக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அல்புமின் இவ்வளவு தாழ்ந்தவர்களிடமும், தீவிர நோயில் உள்ளவர்களிடமும் இந்தச் சமன்பாடு நழுவுவது தெரிந்த விஷயம்தான். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவராக இருந்தால் தேங்கும் கழிவுகளும் அல்புமினின் பிடிப்பைக் கெடுக்கும் என்பதால் சமன்பாட்டின் எண்ணையே மாற்ற வேண்டியிருந்திருக்கும், கிரியேட்டினின் 0.9 என்பதால் இவருக்கு அது தேவைப்படவில்லை. நிறுத்தி 48 மணி நேரத்தில் எடுத்த இரண்டாவது மாதிரியில் 1.9.

வார்ஃபரின் கதை தனி. அதில் 99 விழுக்காடு அல்புமினில் பிணைந்திருக்கும், அதன் வலுவான பாதியைச் சிதைப்பதும் அதே சி.ஒய்.பி. 2சி9. ஃபெனிட்டாயின் அந்த நொதியின் இடத்துக்குப் போட்டியிடவும் செய்யும், நாள்பட அந்த நொதியைக் கல்லீரல் அதிகமாக உண்டாக்கவும் செய்யும். போட்டி, மருந்து போன உடனே விலகும். கூடுதலாக உண்டான நொதி குறைய வாரங்கள் ஆகும். எனவே வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். முதலில் இறங்கி, பிறகு ஏறக்கூடும் என்று எதிர்பார்த்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் பார்த்தோம். 2.3-இலிருந்து முதல் வாரத்தில் 1.8-க்கு வந்தது. வார்ஃபரினைக் கூட்டவில்லை, ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்சபாரின் ஊசியால் இடைவெளியை நிரப்பினோம். மூன்றாம் வாரத்தில் 3.4-க்கு ஏறியது, வார்ஃபரினைக் கொஞ்சம் குறைத்தோம், நிலைத்தது.

சிறுநீரக நோய்க்கான சிகிச்சை ரிடுக்ஸிமாப். ஆறு மாதத்தில் அல்புமின் 3.1-க்கு உயர்ந்தது. படத்தில் சிரைக்குழிவு பெரும்பாலும் திறந்திருந்தது. வலிப்பு இல்லை.

மாறிய நடைமுறையும், தீராத கருத்து வேறுபாடும்

இந்த நிகழ்வைத் துறைக் கூட்டத்தில் வைத்தபோது நரம்பியல் மருத்துவர் ஒருவர் 7-ஆம் நாள் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. "வலிப்பு வந்தது. எண் என்னவாக இருந்தாலும் நான் மருந்தைக் கூட்டியிருப்பேன்" என்றார். அதில் நியாயம் உண்டு. வலிப்புக்காகக் கூட்டுவது ஒரு முடிவு. ஆனால் பிணையாத அளவு ஏற்கனவே வரம்பின் நடுவில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், அதே மருந்தைக் கூட்டுவதா, வேறொன்றைச் சேர்ப்பதா என்ற கேள்வியாவது எழுந்திருக்கும். கோப்பில் அந்தக் கேள்வி எழவில்லை. எழவிடாமல் செய்தது அந்தக் கீழ்நோக்கிய அம்புக்குறி என்பது என் கருத்து. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொண்டவை சில. ஃபெனிட்டாயின் அளவு கேட்டு வரும் ஒவ்வொரு மாதிரியிலும் ஆய்வகமே அல்புமினையும் அளந்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிடுகிறது. அல்புமின் 3.5-க்குக் கீழே இருந்தால் அம்புக்குறி அச்சாவதில்லை. அதற்குப் பதில் 'மொத்த அளவை நேரடியாக வரம்போடு ஒப்பிட வேண்டாம், பிணையாத அளவைக் கேட்கவும்' என்ற வரி வருகிறது. முடிவு வரும்வரை சமன்பாட்டின் கணக்கைக் கையெழுத்தில் எழுதி வைக்க வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டக் கூடாது. நெஃப்ரோட்டிக் நோயாளிக்கு வலிப்பு வந்தால் முதல் தேர்வு லெவெடிராசெட்டம். வார்டில் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கும் மருந்தாளுநர், வால்ப்ரோயேட்டும் ஃபெனிட்டாயினும் ஒன்றாக வந்தால் அழைத்துக் கேட்கிறார்.

பிணையாத அளவை மருத்துவமனையிலேயே அளப்பதற்கான கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதுவரை மூன்று நாள் காத்திருப்பு தொடர்கிறது. அந்த மூன்று நாளும், கண்கள் எங்கே நிற்கின்றன, நடை எப்படி இருக்கிறது என்று காலையும் மாலையும் பார்த்துக் குறிக்க ஒரு கட்டம் செவிலியர் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருக்கிறது.